யார் வந்தாலும் வரிசை நிற்கக்கூடாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, ஆற அமர உட்கார்ந்து படிங்க.

கோவில் திருவிழாவுக்கு அரசியல் தலைவர்கள் வரலாமா கூடாதா என்று நம்ம ஷா ஆலம், கிள்ளான் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு சண்டை நடக்கும். ஒரு பக்கம், "அவங்க வந்தாத்தான் மானியம் வரும், நிலத்துக்கு ஒரு வழி பிறக்கும்" என்பாங்க. இன்னொரு பக்கம், "கோவிலை அரசியல் மேடை ஆக்காதீங்க" என்பாங்க. ரெண்டு பக்கமும் பேசுவது தலைவரைப் பற்றித்தான். வரிசையில் நிற்கிற பக்தரைப் பற்றி யாரும் பேசக் காணோம். தொண்டு செய்கிற நாங்க அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் கயிறு பிடித்து நிற்கிறோம். அதனால் அங்கிருந்து எங்களுக்குத் தெரிவதைச் சொல்கிறோம்.

தலைவர்கள் தாராளமாக வரட்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, கோவில் வாசல் யாருக்கும் மூடியது இல்லை. ஆனால் அவர் வருகிறார் என்பதற்காகப் பக்தர்களின் வரிசை நிற்கக்கூடாது, பூஜை காத்திருக்கக்கூடாது, கேமரா வழியை அடைக்கக்கூடாது. எங்க கருத்து இவ்வளவுதான். இதைக் கௌரவப் பிரச்சினை என்று நினைக்காதீங்க. இது உயிர்ப் பிரச்சினை.

*ஏன் உயிர் என்கிறோம்*

1992 பிப்ரவரி 18. கும்பகோணத்தில் மகாமகம். 12 வருஷத்துக்கு ஒருமுறை வரும் புண்ணிய நாள், லட்சக்கணக்கான ஜனம். அன்றைக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அதே நாளில் அதே குளத்தில் நீராட வந்தார். குளிக்க வந்த ஜனத்தோடு பார்க்க வந்த ஜனமும் சேர்ந்துகொண்டது. நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்துபோனார்கள். தப்பு யாருடையது என்று கட்சிக்குக் கட்சி ஒரு கதை சொல்வார்கள். நாங்க அதற்குள் போகவில்லை. பாவத்தைக் கழுவ வந்த ஜனம் பிணமாகத் திரும்பிப் போனது என்பது மட்டும் யாரும் மறுக்க முடியாத கதை.

அதற்கு முன்பு, 1986 ஏப்ரல் 14, ஹரித்வார் கும்பமேளா. உத்தரப் பிரதேச முதலமைச்சராக இருந்த வீர் பகதூர் சிங், மற்ற மாநில முதலமைச்சர்கள், எம்.பி.க்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தோடு வந்தார். அவர்கள் வருகைக்காகப் பொது ஜனத்தை ஆற்றங்கரைக்குப் போகவிடாமல் தடுத்து வைத்தார்கள். முன்னால் அடைத்தாச்சு, பின்னால் ஜனம் வந்துகொண்டே இருந்தது. அங்கேயும் நெரிசல், அங்கேயும் சாவு.

அதற்கும் முன்பு, 1954 பிப்ரவரி 3, அலகாபாத் கும்பமேளா. நூற்றுக்கணக்கானவர்கள் நெரிசலில் மாண்டார்கள். அதற்குப் பிறகு பிரதமர் நேருவே ஒரு யோசனை சொன்னார்: அரசியல்வாதிகளும் பெரிய மனிதர்களும் மேளாவுக்குப் போவதைத் தவிர்ப்பது நல்லது என்று. தலைவர் பதவியில் இருந்த ஒருவர் வாயிலிருந்தே வந்த யோசனை இது. வயசு 70 ஆச்சு. இன்னும் நம்ம காதில் ஏறவில்லை.

இது எல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2025 செப்டம்பர் 27, கரூர். கோவில் விழா இல்லை, நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டம். காலையிலிருந்து ஜனம் காத்திருந்தது, தலைவர் வந்தபோது ராத்திரி ஆகிவிட்டது. பசி, தாகம், நிற்க முடியாத களைப்பு. அந்த நேரத்தில் எல்லாரும் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். 41 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. நம்ம வீடுகளில் எத்தனை பேர் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை!

*நெரிசல் எப்படி உண்டாகுது*

"மிதிபட்டுச் செத்தாங்க" என்று பத்திரிகையில் போடுவாங்க. பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடம் இல்லாமல், மூச்சு முட்டித்தான் போகிறார்கள். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலில், இத்தேவோன் என்ற இடத்தில் ஒரு சின்னச் சந்தில் 159 பேர் போனது அப்படித்தான். அங்கே எந்தத் தலைவரும் வரவில்லை. இடம் குறுகல், ஜனம் அதிகம், வெளியேற வழி இல்லை. அது மட்டுமே போதும்.

கூட்டப் பாதுகாப்பு படித்தவர்கள் சொல்லும் கணக்கு சுலபமானது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் நாலு பேர் வரை நின்றால் நகரலாம், குனியலாம், குழந்தையைத் தூக்கலாம். ஆறு பேருக்கு மேல் போனால் நம்ம கால் நம்ம சொல் கேட்காது. கூட்டம் தண்ணி மாதிரி ஆகிவிடும். பின்னால் ஒருத்தர் தள்ளினால் முன்னால் இருபது பேர் சாய்வார்கள். தள்ளியவருக்கு முன்னால் நடப்பது தெரியவே தெரியாது.

சாதாரணத் திருவிழாவில் ஜனம் அதிகம் இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும், தரிசனம் பார்க்கும், பிரசாதம் வாங்கும், வெளியே போகும். தலைவர் வந்ததும் இந்த ஓட்டத்துக்கு மூன்று கெடுதல் நடக்கிறது. ஒன்று, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று வரிசையை நிறுத்துகிறோம். அது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, அவர் வந்துகொண்டே இருப்பார். ரெண்டு, நாலா பக்கமும் இருந்தவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்புகிறார்கள். மூன்று, கடைசி நிமிஷத்தில் யாரோ ஒருவர் ஒரு கேட்டை மூடச் சொல்கிறார் அல்லது வேறு வழியைத் திறக்கச் சொல்கிறார். இந்த மூன்றும் ஒரே ஐந்து நிமிஷத்தில் நடக்கும். அந்த ஐந்து நிமிஷம்தான் ஆபத்து.

*இங்கே நம்ம நிலைமை*

பத்துமலையைப் பாருங்க. 1892-லிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது. 272 படி. தைப்பூசத்தன்று அந்தப் படிக்கட்டில் ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் மோதாமல் இருந்தால்தான் பிழைப்பு. முன்னாள் பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் போன்றவர்கள் அங்கே தைப்பூசத்துக்கு வந்திருக்கிறார்கள். அமைச்சர்கள் வராத வருஷம் குறைவு. போலீஸ், ரேலா, தீயணைப்புப் படை, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்று அரசாங்கமே இறங்கி வேலை செய்யும். பிரிக்பீல்ட்ஸில் 2015 நவம்பர் 23 அன்று இந்தியப் பிரதமர் மோடியும் நஜிப்பும் தோரண வாயிலைத் திறந்து வைத்தார்கள் அல்லவா, அதுவும் அப்படித்தான். அரசாங்க நிகழ்ச்சி, அரசாங்கக் காவல்.

எங்க கவலை அந்த மாதிரிப் பெரிய இடங்களைப் பற்றி இல்லை. நம்ம செக்‌ஷன் கோவில், தாமான் கோவில், பழைய தோட்டத்துக் கோவில். இங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ வந்தால் கூட வருவது ரெண்டு போலீஸ், ஒரு எட்டு ரேலா. மற்றதெல்லாம் மஞ்சள் சட்டை போட்ட நாம்தான். மண்டபம் சின்னது. பந்தல் கால், அன்னதான மேசை, செருப்பு வைக்கும் இடம், ஜெனரேட்டர் வயர் எல்லாம் வழியிலேயே இருக்கும். வாசல் ஒன்று, மிஞ்சினால் ரெண்டு. ஜனம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கக்கூடாது. இத்தேவோனில் கொன்றது சந்தின் அகலம்.

அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்க. ஒரு மண்டலம் விரதம் இருந்து பால்குடம் எடுத்துவந்த பாட்டி. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேராகக் கோவிலுக்கு வந்த பையன். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டு வந்த அம்மா. முதுகில் அலகு குத்திய காவடி. இவங்களை வெயிலில் இருபது நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டு, "டத்தோ வந்துட்டார், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? பால்குடத்துக்கு யாரும் ப்ரோட்டோகால் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டிதான் அன்றைக்கு அம்மன் முன் முதல் விருந்தாளி.

இது எங்க சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2022 மார்ச்சில் திருச்செந்தூர் முருகன் கோவில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கோவிலில் கடவுள் ஒருவர்தான் வி.ஐ.பி. என்ற கருத்தைச் சொன்னது. நம்ம ஊரிலேயே பாருங்க, சிலாங்கூர் சுல்தான் அவர்கள் மசூதிகளிலும் சூராவ்களிலும் அரசியல் பேசக்கூடாது என்று பல தடவை நினைவூட்டியிருக்கிறார். மசூதிக்கு அப்படி மேலிருந்து ஓர் ஒழுங்கு இருக்கிறது. கோவிலுக்கு மேலிருந்து யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நம்ம செயலவைதான் எழுதி வைக்க வேண்டும்.

*தொழிற்சாலையில் தெரிந்தது கோவிலில் மறந்துபோகுமா*

எங்களில் பாதிப் பேர் செக்‌ஷன் 15, 16, 23 என்று ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவங்க. சூப்பர்வைசர், லைன் லீடர், மெயின்டெனன்ஸ், ஸ்டோர், போர்க்லிப்ட். வெளிநாட்டிலிருந்து பெரிய வாடிக்கையாளர் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு வாரம் முன்பே எந்த வழியாக நடப்பார் என்று முடிவாகும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நடப்பார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சேஃப்டி ஷூ போட்டால்தான் உள்ளே விடுவாங்க. கூட எத்தனை பேர் வரலாம் என்று கணக்கு உண்டு. போட்டோ எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது என்று போர்டு இருக்கும். முக்கியமாக, அவர் வருகிறார் என்று லைனை நிறுத்த மாட்டோம். லைன் ஓடுவதைப் பார்க்கத்தானே அவர் வருகிறார்?

அதே சமயம், ஆபத்து என்று தெரிந்தால் எந்த மெஷினையும் எந்தத் தொழிலாளியும் சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்தலாம். நேற்றுச் சேர்ந்த ஆளும் அமுக்கலாம். மேனேஜரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியது இல்லை. கோவிலில் என்ன நடக்கிறது? தலைவருக்காக வரிசை நிற்கும். ஆனால் நெரிசல் என்று ஒரு தொண்டர் கத்தினால் யாரும் கேட்க மாட்டாங்க. ஏன் என்றால் கோவில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் வைபி பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கிறார்கள். முடிவு எடுக்க வேண்டிய எல்லாரும் ஒரே இடத்தில், அதுவும் கூட்டத்தின் நடுவில். ஃபேக்டரியில் இப்படி நடந்தால் அன்றைக்கே விசாரணை வைப்பாங்க.

*பத்திரிகையும் கேமராவும்*

பத்திரிகைக்காரங்க நமக்கு எதிரி இல்லை. தமிழ்ப் பத்திரிகைகள், ஆஸ்ட்ரோ, ஆர்டிஎம், பெர்னாமா இவங்கள் இல்லையென்றால் நம்ம கோவில் பிரச்சினை எதுவும் வெளியே தெரிந்திருக்காது. அவங்களுக்கு வேண்டியது மூன்றுதான்: ஒரு நல்ல படம், பெயரும் பட்டமும் தப்பில்லாமல், விஷயம் தெரிந்த ஒருவரிடம் நாலு வார்த்தை. இதை நாம் ஒழுங்காகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சு போய்விடுவாங்க. கொடுக்காவிட்டால் படம் தேடி நாற்காலி மேல் ஏறுவாங்க, கொடிமரத்தைச் சுற்றி முட்டிக்கொள்வாங்க. அது அவங்க தப்பு இல்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தலைவருக்கும் சொந்த மீடியா டீம். கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, தலைவரைப் பார்த்தபடி, பின்னாலேயே நடந்து வருவார் ஒரு தம்பி. பின்னால் யார் வருகிறார்கள், பால்குடமா, தீச்சட்டியா, தள்ளுவண்டியில் குழந்தையா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. போர்க்லிப்ட் ரிவர்ஸ் எடுத்தால்கூட பீப் பீப் என்று சத்தம் போடும். இந்தத் தம்பிக்குச் சத்தமும் இல்லை. அவரைத் தொட்டு சொல்லப்போனால், "நான் வைபி ஆபீஸ்" என்பார்.

செய்தி விஷயத்தில் நம்ம ஷா ஆலமிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2009-ல் செக்‌ஷன் 19-ல் இருந்த மாரியம்மன் கோவிலைச் செக்‌ஷன் 23-க்கு மாற்றும் திட்டம் வந்தது. தோட்டக் காலத்துப் பழைய கோவில். ஆகஸ்ட் 28 அன்று அதை எதிர்த்து ஒரு சிறிய கூட்டம் மாட்டுத் தலையோடு மாநில அரசுச் செயலகத்துக்கு வந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. பிறகு செப்டம்பர் 5, அப்போதைய மந்திரி பெசார் டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம் அந்தப் பகுதி மக்களை நேரில் சந்தித்துப் பேசக் கூட்டம் வைத்தார். பேசி முடிக்க முடியவில்லை. கூச்சல், ஆத்திரம், எல்லாப் பக்கமும் கேமரா. பிறகு இணையத்தில் இருந்த காணொளிகளை எடுக்கச் சொல்லி அரசாங்கத் தரப்பிலிருந்து மலேசியாகினிக்கு உத்தரவு போனதும் ஒரு செய்தி ஆனது.

இன்றைக்கு அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஞாபகம் வருவது மாட்டுத் தலையும் கூச்சலும்தான். அந்தக் கோவிலுக்கு எத்தனை குடும்பம் வந்தது, ஏன் இடம் மாற வேண்டி வந்தது, புது இடத்தில் போக்குவரத்துக்கு என்ன யோசனை இருந்தது, அக்கம்பக்கத்து மலாய்க்காரக் குடும்பங்களின் நியாயமான கவலை எது, இது எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. இதில் ஒரு இனத்தைக் குறை சொல்ல நாங்க வரவில்லை. நம்ம பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் அவங்கதான், லைனில் பக்கத்தில் நிற்பவர்களும் அவங்கதான். தலைவர், கூட்டம், கேமரா இந்த மூன்றும் ஒழுங்கு இல்லாமல் ஒரே அறையில் சேர்ந்தால், சத்தம் மட்டும் செய்தியாகும், விஷயம் காணாமல் போகும். கோவிலுக்கு அது பெரிய நஷ்டம்.

*அப்ப என்ன செய்யலாம்*

இவை எங்களுக்குள் பேசி எழுதியவை. எல்லாக் கோவிலுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. உங்க செயலவையில் வைத்துப் பேசுங்க.

1. நேரம். மகா தீபாராதனை, அபிஷேகம், ரதம் புறப்பாடு, பால்குடம் உள்ளே வரும் நேரம் இவற்றுக்கு முன்னும் பின்னும் அரை மணிக்குத் தலைவர் வருகை கிடையாது. அழைப்புக் கடிதத்திலேயே இதை எழுதிவிடலாம். தாமதமாக வந்தால் பூஜை நடந்துகொண்டிருக்கும், அவரும் சேர்ந்து கும்பிடலாம். குருக்கள் யாருக்காகவும் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

2. வழி. வருகிற வழி, போகிற வழி முந்தின நாளே நடந்து பார்த்து முடிவாகட்டும். பக்தர் வரிசையைக் குறுக்கே வெட்டாத வழியாக இருக்கட்டும். அன்றைக்கு அதை மாற்றக்கூடாது. அவசர வழியை எந்தக் காரணத்துக்கும் பூட்டக்கூடாது. ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் எந்தக் கருப்பு வண்டியும் நிற்கக்கூடாது.

3. கூட வருகிறவர்கள். தலைவரோடு மண்டபத்துக்குள் பத்துப் பேர் போதும். மற்ற ஆதரவாளர்கள் வரிசையில் வரட்டும், அவங்களும் பக்தர்தானே.

4. பேச்சு. மண்டபத்துக்கு வெளியே, பந்தலில். ஐந்து நிமிஷம். கட்சிக் கொடி இல்லை, கட்சிப் பெயர் இல்லை, தேர்தல் இல்லை. மைக் நம்ம கையில் இருக்கட்டும். மாலை, பொன்னாடை எல்லாம் அங்கேயே முடியட்டும். ஆளுக்கு ஒரு பொன்னாடை என்று நாற்பது பேர் வரிசை கட்டினால் அதுவே இன்னொரு நெரிசல்.

5. பத்திரிகை. கயிறு கட்டி ஓர் இடம், நாற்காலி, குடிக்கத் தண்ணி, கோவிலின் விவரம் எழுதிய ஒரு தாள் தமிழிலும் மலாயிலும். பேச ஒரே ஒரு ஆள், முன்பே நியமித்தவர். மூலவரைப் படம் எடுக்கக்கூடாது என்பது பக்தருக்கு இருந்தால் கேமராமேனுக்கும் உண்டு, தலைவரின் மீடியா டீமுக்கும் உண்டு. அருள் வந்து ஆடுகிறவர்கள், நனைந்த துணியோடு நிற்கும் பெண்கள், குழந்தைகள் இவங்க முகத்துக்கு நேரே கேமரா நீட்டக்கூடாது. நாளைக்கு அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

6. சிவப்புப் பட்டன். ஒரே ஒருவரை அன்றைக்குக் கூட்டப் பொறுப்பாளராகப் போடுங்க. அவர் தலைவர் பக்கத்தில் நிற்கக்கூடாது, உயரமான இடத்தில் நிற்க வேண்டும். கையில் வாக்கி-டாக்கி. அவர் "நிறுத்து" என்றால் பேச்சும் நிற்கும், போட்டோவும் நிற்கும், நாதஸ்வரமும் நிற்கும். கோவில் தலைவராக இருந்தாலும் அதை மீறக்கூடாது. எந்தத் தொண்டரும் அவரைக் கூப்பிட்டு, "இங்கே இறுக்கமா இருக்கு" என்று சொல்லலாம்.

7. தொண்டர். பணியில் இருக்கும்போது செல்ஃபி கிடையாது. கயிறு பிடித்த கையில் போன் இருந்தால் அது கயிறு இல்லை.

*"இப்படி எல்லாம் சொன்னா கோபிச்சுக்குவாங்களே"*

இதுதான் பெரியவர்கள் எங்களிடம் கேட்பது. நியாயமான பயம். நம்ம கோவில்களில் பலவற்றுக்கு நிலம் இன்னும் கோவில் பேரில் இல்லை. தோட்டம் போய்விட்டது, கோவில் மட்டும் நிற்கிறது. நாளைக்கு ஒரு கடிதம் வந்தால் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். அதனால் எந்தத் தலைவரையும் பகைத்துக்கொள்ள மனசு வராது. இதை நாங்க கேலி செய்யவில்லை.

ஆனால் மானியம் எப்படி வருகிறது என்று யோசிங்க. சங்கப் பதிவு, ஆண்டுக் கணக்கு, கூட்ட அறிக்கை, விண்ணப்பப் பாரம், மேற்கோள் விலை. சிலாங்கூரில் இஸ்லாம் அல்லாதார் விவகாரத்துக்கென்று லிமாஸ் என்ற குழுவே இருக்கிறது. பெரிய சைஸில் மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுப்பது கடைசிக் காட்சி மட்டும்தான். முன்னால் உள்ள வேலை எல்லாம் காகிதத்தில் நடக்கிறது. நல்ல செயலாளர் ஒருவர் இருந்தால் அது நடக்கும். அந்தப் பணம் மக்கள் கட்டிய வரி. அதைக் கொடுப்பது அவர்கள் கடமை, வாங்குவது நம்ம உரிமை. நன்றி சொல்லலாம், அதில் குறை வைக்க வேண்டாம். அதற்காகப் பக்தரின் வரிசையை விலையாகக் கொடுக்க வேண்டியது இல்லை.

இன்னொன்றும் உண்டு. தலைவருக்கே இது நல்லது. அவர் வந்த நேரத்தில் ஒரு பாட்டி விழுந்து, அது யாரோ ஒருவர் போனில் பதிவானால் மறுநாள் அவர் கொடுத்த மானியத்தைப் பற்றி யாரும் எழுத மாட்டாங்க, அந்தப் பாட்டியைப் பற்றித்தான் எழுதுவாங்க. வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போன தலைவரைப் பற்றி ஜனம் பத்து வருஷம் பேசும். மரியாதை தெரிந்த தலைவர் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார், ஒருவேளை நிம்மதிதான் படுவார். கோபித்துக்கொள்வது பெரும்பாலும் அவர் கூட வரும் ஆட்கள்.

பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைவரோ நடிகரோ வந்தால் வரிசையை விட்டு ஓடாதீங்க. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் முண்டாதீங்க. நெஞ்சு இறுகுவது மாதிரி தெரிந்தால் கையை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, தள்ளாமல், பக்கவாட்டில் மெதுவாக நகருங்க. பக்கத்தில் வயசானவங்க இருந்தால் முதலில் அவங்களுக்கு இடம் விடுங்க. தொண்டர் சொன்னால் கேளுங்க, "நீ யாருடா எனக்குச் சொல்ல" என்று கேட்காதீங்க.

செயலவை அன்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும், "பிரமுகர் வருகை ஒழுங்கு" என்று ஒரே ஒரு தீர்மானம் வையுங்க. ஒரு பக்கத் தாள் போதும். அதை லேமினேட் செய்து ஆபீஸ் சுவரில் ஒட்டுங்க. எந்தத் தலைவரின் உதவியாளர் போன் செய்தாலும் அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்க. அப்போது யாரும் யாரையும் தனியாகப் பகைக்க வேண்டி வராது. சொல்வது தாள், நாம் இல்லை.

உங்க கோவிலில் இதை எப்படிச் செய்கிறீங்க என்று எழுதுங்க. எங்களைவிட நல்ல வழி உங்களிடம் இருந்தால் அதையே நாங்களும் பின்பற்றுகிறோம்.

ஓம் சரவணபவ. எல்லாரும் பத்திரமாக வந்து, பத்திரமாகக் கும்பிட்டு, பத்திரமாக வீடு போய்ச் சேர முருகன் துணை இருக்கட்டும்.